விளையாட்டு வினையாகட்டும்!

“விளையாட்டு வினையாகும்” என்று நம் முன்னோர் எச்சரித்து வைத்தனர். ஆயினும், வினை என்னும் சொல்லுக்குத் தீங்கு என்பது மாத்திரம் பொருளன்று. செயல் என்றும் தொழில் என்றும் பொருளுண்டு. விளையாட்டைத் தம் வினையாகவே கொண்ட ஒரு கூட்டத்தார் இன்று உலகெங்கும் பரந்துள்ளனர். அவர்கள் கணினி விளையாட்டை ஆடுவதோடு நில்லாது, தாமே அதனை ஆக்குகின்றனர். சம்பளத்துக்காக அன்று, ஓய்வு நேரத்தில், ஆசையின் காரணமாக. அவர்களைப் பற்றியே இவ்வாரம் நம் நேயர்களுடன் பேச விழைகிறோம்.

வெள்ளவத்தைக் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் இன்று தொடர்மாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. கொட்டாஞ்சேனையிலோ சுவரோடு சுவர் ஒட்டிய இல்லங்கள். கிளித்தட்டு மறிக்க முற்றம் எங்கே? கிட்டிப்புள் அடிக்க வெளி எங்கே? பிள்ளைகளின் முற்றம் கைத்தொலைபேசியின் கண்ணாடிக்குள் ஒடுங்கிவிட்டது. “எந்நேரமும் போனும் கையுமாகக் கிடக்கிறான்” என்று பெற்றார் முறையிடாத வீடு அருமை. அம் முறைப்பாட்டில் நியாயமும் உண்டு. ஆனால், விளையாடும் பிள்ளைகள் பலருக்கிடையே எங்கோ ஒரு பிள்ளை, “இதனை எப்படிச் செய்தார்கள்?” என்று கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்ட கணத்திலிருந்து அப்பிள்ளை வேறொரு பாதையில் அடியெடுத்து வைக்கிறது. அப்பாதை எத்தகையது, அதில் பயன் என்ன, பள்ளம் என்ன என்று பெற்றார் அறிந்து வைத்தல் நன்று.

பாட்டியும் ஓர் ஆக்குநரே

விளையாட்டை ஆக்குதல் என்றதும் ஏதோ மேல்நாட்டுப் பெருங்கலை என்று மலைக்க வேண்டியதில்லை. அடிப்படையில் அது விதிகளை அமைக்கும் கலை. ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு புறம் 3 புலிகள். மறு புறம் 15 ஆடுகள். புலி பாய்ந்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. கூட்டமாகச் சூழ்ந்து புலியை அசையவிடாமல் மறிப்பதொன்றே அதன் பலம். இரு பக்கத்தாருக்கும் சமமற்ற ஆற்றலைக் கொடுத்தும் ஆட்டத்தைச் சமமாக நிறுத்தியிருக்கிறார் பெயர் தெரியாத ஒரு முன்னோர். இன்றைய விளையாட்டு ஆக்குநர்கள் இரவு பகலாகப் போராடுவது இந்தச் சமநிலைக்காகவே.

நம் சிங்களச் சகோதரர் புத்தாண்டுக் காலத்தில் குன்றிமணிகளைக் குழிகளில் இட்டு ஆடும் ‘ஒலிந்த கெலிய’, நம் பல்லாங்குழிக்கு நெருங்கிய உறவு. இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளராகக் கடமையாற்றிய ஹென்றி பாக்கர், 1909இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ என்னும் தம் ஆங்கில நூலில் இத்தகைய ஆட்டங்களை விவரித்து வைத்தார். வீட்டுக்கு வீடு தாயத்தின் விதிகள் சற்றே மாறுபடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். “எங்கள் வீட்டில் இப்படித்தான்” என்று சொல்லும் பாட்டி, தாம் அறியாமலே ஒரு விளையாட்டு ஆக்குநர்.

பொழுதுபோக்காளர் கண்ட வழி

கணினி விளையாட்டின் வரலாறே பொழுதுபோக்காளரிடமிருந்து தொடங்குகிறது எனலாம். 1962இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஸ்டீவ் ரசல் என்பவரும் அவருடைய தோழர்களும், அலுமாரிபோல் பெரிதான ஒரு கணினியில் இரு விண்கலங்கள் பொருதும் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டை இயற்றினர். அதற்கு விலை வைக்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் பிரதி கொடுத்தனர். பெற்றவர்கள் அதில் திருத்தம் செய்து மேலும் வளர்த்தனர். ஆக்கியதைப் பகிர்தல், பகிர்ந்ததைத் திருத்துதல் என்னும் அந்த மரபே இன்றளவும் இக் கூட்டத்தாரின் உயிர்நாடி.

அக்காலத்தில் பல்கலைக்கழகக் கதவுக்குள் நின்ற இக்கலை, கருவிகள் எளிதானபோது வீதிக்கு வந்தது. 1999இல் நெதர்லாந்தின் உட்ரெக்ற் நகரப் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ், ‘கேம் மேக்கர்’ என்று பின்னர் பெயர்பெற்ற கருவியை வெளியிட்டார். 2007இல், முன் சொன்ன மசசூசெற்ஸ் நிறுவகமே ‘ஸ்கிராட்ச்’ என்பதைச் சிறுவர்க்கென வழங்கிற்று. கட்டளைகளை எழுதாமல், வர்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துவதுபோல் அதில் விளையாட்டை அமைக்கலாம். 2014இல் ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரைச் சேர்ந்த இருவர், தாம் தொழிலுக்காக ஆக்கிய ‘கொடோ’ என்னும் இயந்திரத்தை எவரும் இலவசமாய்ப் பாவிக்கவும் திருத்தவும் திறந்துவிட்டனர்.

‘இயந்திரம்’ என்று நாம் சொல்வது இரும்பாலானது அன்று. படத்தைத் திரையில் வரைதல், ஒலியை எழுப்புதல், விரலின் அழுத்தத்தை அறிதல் ஆகிய பொது வேலைகளைத் தானே செய்து, ஆக்குநரை விதிகளிலும் கதையிலும் கவனம் செலுத்தவிடும் மென்பொருள் அது. திரைப்படத்தில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கணினி விளையாட்டிலோ பெரும்பாலும் வினாடிக்கு 60 படங்கள். திரைப்படத்தின் படம் முன்னரே எடுக்கப்பட்டது. விளையாட்டின் படமோ, ஆடுபவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு அக்கணத்திலேயே வரையப்படுவது. ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் அவகாசம் ஒரு வினாடியின் அறுபதில் ஒரு பங்கே! இந்த அற்புதத்தை ஒரு பள்ளி மாணவர் தம் மேசையில் நிகழ்த்தலாம் என்பதே புதுமை.

48 மணி நேரத்தில் ஒரு விளையாட்டு

இக் கூட்டத்தார்க்கு ஒரு திருவிழா உண்டு. 2002 ஏப்ரலில் ‘லூடம் டேர்’ என்னும் பெயரில் ஒரு பந்தயம் தொடங்கிற்று. இலத்தீன் மொழியில் அதற்கு ‘விளையாட்டைக் கொடுத்தல்’ என்று பொருள். ஒரு கருப்பொருள் அறிவிக்கப்படும். பின்னர் நிலைபெற்ற முறைப்படி 48 மணி நேரத்துக்குள் தனியொருவராய், படமும் இசையும் உட்பட யாவற்றையும் புதிதாய் ஆக்கி முடித்தல் வேண்டும். 2009 ஜனவரியிலிருந்து ‘குளோபல் கேம் ஜாம்’ என்னும் மற்றொரு விழாவும் ஆண்டுதோறும் நடந்து வருகிறது. அந்தந்த நாட்டின் வெள்ளி மாலை 5 மணிக்கு முறையே தொடங்கி ஞாயிறு மாலையில் முடிவுறுவதாகவே பல ஆண்டுகள் அது நடைபெற்றது. இங்கே வல்லவரை முந்தி ஓடுதல் நோக்கமன்று. முன்பின் அறியாதோர் கூடி, ஒருவர் நிரல் எழுத, ஒருவர் சித்திரம் தீட்ட, ஒருவர் இசையமைக்க, சிறியதொன்றை முடித்துக் காட்டுதலே நோக்கம். பெருந்தொற்று உலகை வீட்டுக்குள் அடைத்த 2021இல், இவ்விழா முற்றாக இணையவழியே நடந்தேறியது.

காலம் குறுகியது என்பதால் ஆசையையும் குறுக்கவேண்டியிருக்கும். நூறு நகரங்களைக் கற்பனை செய்தவர் ஒரு தெருவோடு நிற்பார். ஒரு தெருவைக் கற்பனை செய்தவர் ஒரு வீட்டோடு நிற்பார். இதனைக் குறையென்று எண்ணலாகாது. ஏழு சீர்களுக்குள் உலகை அடக்கிய வள்ளுவரின் வழிவந்த நமக்குச் சிறுமையின் பெருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2019ஆம் ஆண்டு இவ்விழாவின் கருப்பொருள், ‘வீடு என்பது உமக்கு என்ன?’ என்பதாகும். 2023இன் கருப்பொருள் ‘வேர்கள்’. இவ்விரு சொற்களையும் கேட்டு நெஞ்சம் அசையாத தமிழர் கொழும்பில் இருப்பரோ?

ஒரு பெட்டியின் கதை

இப்படி ஒரு விளையாட்டைக் கற்பனை செய்வோம். வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பில் பயிலும் ஒரு மாணவி, ‘வீடு’ என்னும் கருப்பொருளைப் பெறுகிறாள். திரையில் ஒரு பயணப்பெட்டி. அதில் 12 கட்டங்கள். வீடெங்கும் பொருள்கள்: காணி உறுதி, அடையாள அட்டை, கலியாணப் படத்தொகுப்பு, இடியப்ப உரல், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், தையல் இயந்திரம். ஒவ்வொன்றும் சில கட்டங்களை அடைக்கும். எல்லாவற்றையும் அடுக்க இயலாது. கடிகாரம் ஓடுகிறது. எதை எடுப்பது, எதை விடுவது? இவ்வளவே விளையாட்டு.

இதனை ஆக்க முற்படும் மாணவிக்கு ஓர் ஐயம் எழும்: உண்மையில் எதை எடுத்தார்கள்? விடை கணினியில் இல்லை. அடுத்த அறையில், கதிரையில் சாய்ந்திருக்கும் அம்மம்மாவிடம் இருக்கிறது. 1983 ஜூலையில் இதே நகரில் வீடுகள் எரிந்த நாளைக் கண்டவர் அவராயிருக்கலாம். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் வெளியேறிய இரவில் நடந்தவராயிருக்கலாம். “உறுதியை எடுத்தேன், படங்களை விட்டுவிட்டேன். உன் தாத்தாவின் முகத்தைக் காட்ட இன்று ஒரு படமும் இல்லை” என்று அவர் சொல்லக்கூடும். அந்த ஒரு வாக்கியத்தால் விளையாட்டின் விதியே மாறிவிடும். படத்தொகுப்பு பெரும் இடத்தை அடைக்கும். ஆட்டத்தில் அதற்குப் புள்ளியொன்றும் கிடையாது. எடுத்துச் செல்லாதவருக்கோ இறுதித் திரையில் ஒரு வெற்றுச் சட்டகம் மாத்திரம் தோன்றும்.

பாட்டியும் பேத்தியும் அன்று மாலை பேசிய பேச்சு, அந்தத் தொடர்மாடி வீட்டில் அதற்குமுன் ஒருபோதும் நிகழாத பேச்சாகவும் இருக்கலாம். திரைக்குள் பிள்ளை தொலைகிறது என்று அஞ்சுகிறோம். ஆக்கும் பிள்ளைக்குத் திரையே வீட்டுக்குத் திரும்பும் வழியாகவும் அமையக்கூடும்.

சீட்டுப்போல ஒரு கொடுக்கல் வாங்கல்

ஆக்கி முடித்தபின் அடுத்த கட்டம். இவ்விழாக்களில் நடுவர் குழு ஒன்று உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து தீர்ப்பளிக்கும் என நேயர்கள் எண்ண வேண்டா. ‘லூடம் டேர்’ பந்தயத்தில் பங்கெடுத்தவர்களே ஒருவர் ஆக்கத்தை ஒருவர் ஆடிப் பார்த்து மதிப்பிடுகின்றனர். பிறர் ஆக்கங்களை எவ்வளவுக்கு ஆடிக் கருத்துரைக்கிறீர்களோ, அவ்வளவுக்கு உங்கள் ஆக்கமும் பிறர் கண்ணில் படும். நம்மவர் பிடிக்கும் சீட்டை ஒத்த ஏற்பாடு இது. தம் பங்கைக் கட்டாதவருக்குச் சீட்டில் ஏது இடம்?

கருத்துரைப்பதிலும் ஒரு நாகரிகம் உண்டு. “நன்று” என்பது பயனற்ற புகழ்ச்சி. “குப்பை” என்பது பயனற்ற பழி. “மூன்றாவது கட்டத்தில் கதவு எங்கே என்று எனக்குப் புலப்படவில்லை” என்பதே பயனுள்ள சொல். பிரேசிலிலிருந்து ஒருவர், “அடையாள அட்டைக்கு ஏன் இத்தனை மதிப்பு?” என்று கேட்டால், கொழும்பு மாணவி சினம் கொள்ளாது விளக்க வேண்டும். சோதனைச் சாவடியை அறியாத ஒருவருக்கு அதனை விளக்கத் தெரிந்தால், தன் வாழ்வையே புதிதாய் விளங்கிக்கொண்டவள் ஆகிறாள். கட்டுரைக்குப் புள்ளியிடும் ஆசிரியரைத் தவிர வேறு வாசகரை அறியாத நம் மாணவர்க்கு இது பெறற்கரிய பயிற்சி அன்றோ?

‘கொழும்பு’ என்று எழுதாத கருவி

இத்துறையில் புகும் தமிழ்ப் பிள்ளை முதலில் முட்டிக்கொள்ளும் சுவர், தமிழ் எழுத்தே. 1991இல் வெளிவந்த யுனிகோட் குறிமுறையின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும், எழுத்துக்கு எண் கொடுப்பது வேறு. அதனைத் திரையில் ஒழுங்காக வரைவது வேறு.

‘வெ’ என்னும் எழுத்தைக் கணினி சேமிக்கும்போது வகரம் முதலிலும் ஒற்றைக் கொம்பு அடுத்தும் நிற்கும். வரையும்போதோ கொம்பு முன்னால் வரவேண்டும். ‘கொ’ என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்கவேண்டும். ‘ழு’, ‘பு’ முதலியவற்றில் மெய்யும் உகரமும் உருகி ஒரே வடிவாக வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் எண்ணி அமைத்த விளையாட்டு இயந்திரங்கள், சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாய் வரைந்து வைத்தன. அதன் விளைவைப் பாருங்கள். கொழும்பு, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய மூன்று பெயர்களில் ஒன்றேனும் அவற்றில் சரியாக வரவில்லை! கொம்புகள் இடம் மாறின. உகரங்கள் தனித்துத் தொங்கின. தம் ஊரின் பெயரைத் தம் விளையாட்டில் எழுத இயலாத பிள்ளை, ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போனது. அதற்கு அப்பிள்ளையைக் குற்றஞ் சொல்லலாமா?

சிலர் தமிழ் வரிகளைப் படமாகவே வரைந்து ஒட்டினர். வேறு சிலர், நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் உபாயத்தைக் கையாண்டனர். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே குறிகளை அடுக்கும் முறை அது. ஒட்டுப்போட்ட சட்டை உடலை மறைக்கும்; ஆனால் சட்டை ஆகாது. ‘ஹார்ப்பஸ்’ என்னும் எழுத்து வடிவமைப்பு மென்பொருளை உள்ளடக்கிக்கொண்டு, 2023 மார்ச்சில் கொடோ இயந்திரத்தின் 4ஆம் பதிப்பு வெளிவந்தது. உலாவிகளில் தமிழை ஒழுங்காகக் காட்டிவந்த அதே மென்பொருள் இது. அதன்பின் ‘வெள்ளவத்தை’ வெள்ளவத்தையாகவே திரையில் நின்றது. எங்கோ இருக்கும் தொண்டர்கள் தம் ஓய்வு நேரத்தையும் ஈந்து வளர்க்கும் ஒரு பொதுச் சொத்தினால் நம் மொழிக்கு விளைந்த நன்மை இது. நம்மவரும் அப் பொதுச் சொத்துக்குக் கைகொடுத்தல் கடமை.

வெண்பா காட்டிய வழி

“தமிழில் விளையாட்டு ஆக்கினால் யார் ஆடுவார்?” என்று கேட்போருக்கு அண்மைக்காலம் ஒரு விடை தந்துள்ளது. கனடாவின் ரொறன்ரோ நகரில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழுவினர், 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதில் வெடியில்லை, வாளில்லை, இருப்பது அடுப்பு. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண்ணும், கணவர் பாவலனும், மகன் கவினுமே பாத்திரங்கள். தாய் கொடுத்த சமையற் குறிப்பேடு சிதைந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை ஆடுபவர் ஊகித்து இட்லியும் புட்டும் சமைத்துக் கதையை முன்னெடுக்கவேண்டும். தமிழை மெல்ல மெல்லத் துறக்கும் மகனுக்கும் தாய்க்கும் இடையே விழும் இடைவெளியே அதன் உள்ளீடு. 2024இல் பிரித்தானியாவின் ‘பாஃப்டா’ அமைப்பு அதனைச் சிறந்த முதல் ஆக்கமாகத் தெரிந்தது. அதே ஆண்டில், சுயாதீன ஆக்குநர்க்கான பன்னாட்டு விழாவின் தலைமைப் பரிசும் அதற்கே கிடைத்தது.

அதனை ஆக்கியோர் தம் வீட்டுச் சமையலறையையே கருவாகக் கொண்டனர். உலகமோ அதனைத் தன் வீட்டுக் கதையாகக் கண்டது. ஒரு புட்டுக் குழலுக்கு இத்தனை தூரம் செல்லும் ஆற்றல் உண்டெனில், கொட்டாஞ்சேனைத் தேர்த் திருவிழாவுக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் உற்சவத்துக்கும் எத்தனை தூரம் செல்லும் ஆற்றல் இருக்குமென எண்ணிப் பாருங்கள்.

பெற்றாரின் கேள்வி

“இதெல்லாம் சோறு போடுமா?” பெற்றாரின் இக்கேள்வியை நாம் இகழமாட்டோம். எரிக் பரோன் என்னும் அமெரிக்க இளைஞர், பட்டம் பெற்றும் வேலை கிடையாது, ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தனியே உழைத்து 2016இல் ‘ஸ்டார்டியூ வாலி’ என்னும் விளையாட்டை வெளியிட்டுப் பெருஞ்செல்வரானார். அக்காலத்தில் அவருடைய வீட்டை நடத்தியது பெரும்பாலும் அவர் துணைவியின் சம்பாத்தியமே. அத்தகைய வெற்றி மிக அரிது. அதனை நம்பிப் பள்ளிப் படிப்பைக் கைவிடுதல், லொத்தர்ச் சீட்டை நம்பி உத்தியோகத்தை விடுவதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டுக்கே உரிய இடர்களும் உள. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டை அனுபவித்த மக்கள் நாம். சேமிக்காத வேலை இருளோடு இருளாய்ப் போனதைக் கணினியோடு பழகியோர் அறிவர். பேபால் வழியாகப் பணத்தை அனுப்ப இயன்றும், வெளிநாட்டார் தருவதைப் பெற இயலாத நிலை இலங்கையில் நெடுங்காலம் நிலவிற்று. கருவிகளை நம்புவதிலும் அவதானம் வேண்டும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவை அறியாத கணினிப் பிரியர் கொழும்பில் இலர். அதே பெயர் தாங்கிய ‘யுனிட்டி’ என்னும் விளையாட்டு இயந்திர நிறுவனம், குறித்த எல்லையைத் தாண்டிய விளையாட்டுகளுக்கு நிறுவல் தோறும் கட்டணம் அறவிடப்போவதாக 2023 செப்டெம்பரில் அறிவித்தது. உலகெங்கும் ஆக்குநர் கொதித்தெழுந்தனர். 2024 செப்டெம்பரில் அக் கட்டணம் கைவிடப்பட்டது. வாடகை வீட்டில் வாழ்வோர் வீட்டுக்காரரின் மனநிலையையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதே இதன் பாடம். கொழும்பில் வாடகைக்கு இருப்போருக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே பெற்றாருக்கு நாம் சொல்வது இது. ஆடும் பிள்ளையையும் ஆக்கும் பிள்ளையையும் ஒரே கோலால் அளவாதீர். ஆக்கும் பிள்ளைக்கு நேர எல்லை விதியுங்கள். பரீட்சைக் காலத்தில் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். இரவு முழுதும் விழித்திருக்க விடாதீர். அறிமுகமற்றோருடன் பேசும்போது முகவரியையும் படத்தையும் பகிராதிருக்கக் கற்பியுங்கள். ஆனால், ஆக்கியதைக் காட்ட ஓடிவரும்போது முகம் திருப்பாதீர். ஒரு முறை ஆடிப் பாருங்கள். எங்கே விளங்கவில்லை என்று சொல்லுங்கள். அதுவே அப்பிள்ளைக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய பரிசு.

தொடங்க விரும்பும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். முதலில் கணினியைத் திறவாதீர். ஒரு தாளும் பென்சிலும் சில குன்றிமணிகளும் போதும். விதி எழுதுங்கள், தங்கையோடு ஆடுங்கள், அவள் எந்த இடத்தில் சலிப்படைகிறாள் என்று கவனியுங்கள், விதியை மாற்றுங்கள். தாளில் சுவைக்காத விளையாட்டு திரையிலும் சுவைக்காது. பின்னர் சிறியதாகத் தொடங்கிச் சிறியதாகவே முடியுங்கள். தொடங்கிய பத்தைவிட முடித்த ஒன்று மேல்.

பிறர் ஆக்கிய விளையாட்டுகளையே ஆடும் சமூகம், பிறர் கதைகளுக்குள்ளேயே வாழவேண்டி நேரும். நம் கதைகளை நாமே சொல்லவேண்டுமாயின், நம் பிள்ளைகளில் சிலரேனும் விதிகளை எழுதும் பக்கத்தில் அமரவேண்டும். விளையாட்டு வினையாகட்டும், அவ்வினை நல்வினையாகட்டும்!